பேரேடும் பெண் கல்வியும்



நாம் ஆலிமல்ல, பட்டம் பெற்றவருமல்ல. ஊர் மதரஸாவிலும் ஆரம்பப் பள்ளியிலும் ஓதிப் படித்த பின், இளம் வயதில் ஜொகூருக்கு வந்து மாமாவின் கடையில் அரிசி மூட்டை இறக்கி, நாளடைவில் சொந்தமாக ஒரு மளிகைக் கடை வைத்தவர் நாம். கடை அடைத்த பிறகு படித்தவற்றையும் பெரியோரிடம் கேட்டவற்றையும் கொண்டு இப்பாடத்தை எழுதுகிறோம்.

சென்ற கூட்டத்தில், பெண் பிள்ளைகளின் மேற்படிப்புக்குச் சங்கத்திலிருந்து உதவிப் பணம் கொடுக்கலாமா என்ற பேச்சு வந்தது. மூத்த சகோதரர் ஒருவர், "பையனுக்குக் கொடுத்தால் கடைக்கு ஆவான். பெண்ணுக்குக் கொடுத்தால் யாருக்கு ஆகும்?" என்று கேட்டார். சிலர் சிரித்தார்கள். அவர் கெட்ட எண்ணத்தோடு கேட்கவில்லை. நம்மில் பலருடைய மனத்தில் உள்ளதைத்தான் வாய்விட்டுச் சொன்னார். அதற்குரிய பதில் நம்மிடம் இருந்தும் அன்று சபையில் நா எழவில்லை. அப்பதிலை இங்கே சொல்கிறோம்.

எழுதி வைக்கச் சொன்ன மார்க்கம்

திருக்குர்ஆனில் மிக நீண்ட ஆயத்து எது என்று வர்த்தகராகிய நாம் அனைவரும் அறிந்திருக்க வேண்டும். அது இரண்டாவது சூராவின் 282ஆம் ஆயத்து. தொழுகையைப் பற்றியோ நோன்பைப் பற்றியோ அன்று, கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைப்பதைப் பற்றியே அது விரிவாகப் பேசுகிறது. சிறியதாயினும் பெரியதாயினும் எழுத வேண்டும், நீதியாக எழுத வேண்டும், சாட்சிகளை வைத்துக்கொள்ள வேண்டும் என்று அது கற்பிக்கிறது. அச்சாட்சிகளைக் கூறும் இடத்தில் பெண்களும் குறிக்கப்பட்டிருக்கிறார்கள். சாட்சியாக நிற்கக் கூடியவள், தன் முன் எழுதப்படுவது இன்னதென்று அறிய வேண்டாமா?

நபி (ஸல்) அவர்களின் முதல் மனைவியாரான கதீஜா நாயகி (ரலி) அவர்கள் பெரிய வர்த்தகர் என்பது யாவரும் அறிந்ததே. ஷிஃபா பின்த் அப்துல்லாஹ் (ரலி) என்னும் ஸஹாபிப் பெண்மணியைப் பற்றியோ நம்மில் சிலரே கேள்விப்பட்டிருப்போம். எழுத்தறிந்தோர் மிகச் சிலராயிருந்த அக்காலத்தில் அவர் எழுதத் தெரிந்தவர். நபியவர்களின் மனைவியாரான ஹஃப்ஸா (ரலி) அவர்களுக்கு எழுத்துக் கற்பித்தவர் அவரே. கலீஃபா உமர் (ரலி) அவர்கள் மதீனாச் சந்தையின் சில காரியங்களை அவரிடம் ஒப்படைத்ததாகவும் வரலாற்றாசிரியர் சிலர் எழுதியிருக்கிறார்கள். ஆகவே பெண்ணும் எழுத்தும் கடைத்தெருவும் ஒன்றுக்கொன்று விரோதம் என்ற எண்ணம் நம் மார்க்கத்திலிருந்து வந்ததன்று.

அரபுத் தமிழ் காத்த வீடுகள்

நம் முன்னோர் பெண்களை எழுத்தே அறியாமல் வைத்திருந்தார்கள் என்று சொல்வதும் நியாயமாகாது. கீழக்கரை, காயல்பட்டினம் முதலிய ஊர்களில் பெண்களுக்கு வீட்டிலேயே ஓதிக் கொடுத்தார்கள். அரபு எழுத்தோடு, தமிழ் ஓசைக்காகப் புள்ளிகள் கூட்டிய சில எழுத்துக்களையும் சேர்த்துத் தமிழை எழுதினார்கள். அதுவே அரபுத் தமிழ். கீழக்கரையின் மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816–1898) அவர்கள் மார்க்கச் சட்டங்களை இவ்வெழுத்தில் எழுதிக் கொடுத்ததால், அரபு மொழி அறியாத தாய்மார்களும் கிதாபு பார்த்து மஸ்அலா தெரிந்துகொண்டார்கள். அதே ஊரில் செய்யிது ஆசியா உம்மா என்னும் பெண்மணி ஞானப் பாடல்கள் பாடிப் புகழ் பெற்றார்.

நம் உம்மம்மாவும் அவ்வாறு ஓதியவரே. வீட்டுக்குக் கணக்கெடுக்க வந்த ஒருவர், "தமிழ் வாசிக்கத் தெரியுமா?" என்று கேட்டு, "தெரியாது" என்றதும், எழுத்தறியாதவர் என்று குறித்துக்கொண்டு போனாராம். அவர் வந்தபோது உம்மம்மா கையிலிருந்தது ஒரு கிதாபு! மலாயாவிலிருந்து பாட்டனார் தமிழ் எழுத்தில் கடிதம் போட்டால் தபால்காரர் திண்ணையிலிருந்து உரக்க வாசிப்பார். வீட்டுச் செய்தி தெரு முழுவதும் போகும். அரபுத் தமிழில் போட்டால் உம்மம்மா அறைக்குள் போய்த் தாமே வாசிப்பார். கணவன் மனைவிக்கு எழுதியது மனைவிக்கே போய்ச் சேர்ந்தது.

ஆனால் ஒரு குறை இருந்தது. பத்திரம், ரசீது, பேரேடு, கோர்ட்டுச் சம்மன் ஆகிய எவையும் அரபுத் தமிழில் வருவதில்லை. வீட்டுக்குள் எழுத்தறிந்தவளாயிருந்த பெண், வாசற்படியைத் தாண்டினால் எழுத்தறியாதவளானாள். இக்குறையைக் கண்டு பேசிய அறிஞர் ஒருவர் இலங்கையில் தோன்றினார்.

கண்டியில் ஒரு வக்கீல்

முஹம்மது காசிம் சித்தி லெப்பை 1838இல் கண்டியில் பிறந்தவர், தொழிலில் வக்கீல். 1882இல் "முஸ்லிம் நேசன்" என்னும் தமிழ்ப் பத்திரிகையைத் தொடங்கினார். 1885இல் "அஸன்பே சரித்திரம்" என்னும் நாவலை வெளியிட்டார். தமிழில் முதன்முதல் தோன்றிய நாவல்களுள் அதுவும் ஒன்று. எகிப்திலிருந்து ஆங்கிலேயரால் நாடு கடத்தப்பட்டு 1883இல் இலங்கைக்கு வந்த ஒராபி பாஷாவின் நட்பும் அவருக்குக் கிடைத்தது.

அவர் ஓயாமல் சொன்னது ஒன்றுதான். நம் பிள்ளைகள் அரபு ஓதட்டும். அதோடு தமிழும் ஆங்கிலமும் படிக்கட்டும். ஆண்களைப் போலப் பெண்களும் படிக்கட்டும். எழுதியதோடு நில்லாமல் கண்டியில் பெண்களுக்கென்று ஒரு பள்ளிக்கூடமும் ஏற்படுத்தினார். மதம் மாற்றிவிடுவார்கள் என்று அஞ்சி நம்மவர் மிஷன் பள்ளிகளுக்குப் பிள்ளைகளை அனுப்பத் தயங்கிய காலம் அது. அந்த அச்சத்தை அவர் ஏளனம் செய்யவில்லை. நாமே பள்ளி வைத்தால் அச்சத்துக்கு இடமேது என்று கேட்டார்.

இங்கே வர்த்தகர் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்றுண்டு. கொழும்பில் 1892இல் தொடங்கிய ஸாஹிராக் கல்லூரிக்குச் சித்தி லெப்பையின் எழுத்து மாத்திரம் போதவில்லை. வாப்பிச்சி மரைக்கார் என்னும் கட்டட ஒப்பந்தக்காரர் பொருளும் உழைப்பும் தந்து முன்னின்றார். கொழும்பு நூதனசாலையைக் கட்டியவரும் அவரே. ஒருவர் பேனா பிடித்தார். மற்றவர் பணப்பையை அவிழ்த்தார். சித்தி லெப்பை 1898இல் காலமானார். அக்கல்லூரி இன்றும் நடக்கிறது.

மூன்றாம் வகுப்பும் ஒரு நாவலும்

இனித் தமிழ்நாட்டுக்கு வருவோம். கும்பகோணம் பக்கத்தைச் சேர்ந்த பா. தாவூத்ஷா (1885–1969) பி.ஏ. படித்து அரசாங்க உத்தியோகம் பார்த்து, ஒத்துழையாமை இயக்கக் காலத்தில் அதை விட்டவர். அவர் நடத்திய "தாருல் இஸ்லாம்" பத்திரிகை கடல் கடந்து மலாயாவிலும் வாசிக்கப்பட்டது. மார்க்கத்தை நல்ல தமிழில் சொல்ல வேண்டும், குத்பாப் பிரசங்கம் மக்களுக்குப் புரிய வேண்டும், பெண்கள் படிக்க வேண்டும் என்பன அவர் எடுத்துக்கொண்ட காரியங்கள். மார்க்க விஷயங்கள் சிலவற்றில் ஆலிம்கள் பலர் அவரை மறுத்தார்கள். அவ்வழக்கில் நாம் தலையிடவில்லை. ஆனால் முஸ்லிம் வீடுகளுக்குள் தமிழ்ப் பத்திரிகை நுழைந்ததற்கு அவர் பெரிய காரணம் என்பதை அவரை மறுத்தவர்களும் மறுக்க மாட்டார்கள்.

வீட்டுக்குள் பத்திரிகையும் புத்தகமும் நுழைந்தால் என்ன நடக்கும்? நாகூரில் 1917இல் பிறந்த சித்தி ஜுனைதா பேகம் பள்ளிக்கூடத்தில் படித்தது மூன்றாம் வகுப்பு வரைதான். பிறகு வீட்டோடு இருந்து புத்தகங்களைப் படித்தார். 1938இல், இருபத்தோரு வயதளவில், "காதலா? கடமையா?" என்னும் நாவலை வெளியிட்டார். டாக்டர் உ. வே. சாமிநாதையர் அதற்குப் பாராட்டி எழுதினார். ஏட்டுச் சுவடிகளைத் தேடித் தமிழை மீட்ட பெரியவர், மூன்றாம் வகுப்புப் படித்த ஒரு முஸ்லிம் பெண்ணின் எழுத்தை மெச்சினார் என்றால் அது சாமானிய விஷயமா? தமிழில் முஸ்லிம் பெண்மணி ஒருவர் எழுதிய முதல் நாவல் அது என்று பலரும் கூறுவர். 1998இல் காலமாகும் வரை, இஸ்லாத்தில் பெண்களுக்குள்ள உரிமைகளைப் பற்றியும் முஸ்லிம் பெருமக்களைப் பற்றியும் அவர் பல நூல்கள் எழுதினார்.

இந்த "மூன்றாம் வகுப்பு" என்பதை வாசகர்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம். பின்னால் மீண்டும் வரும்.

நாம் வாழும் மண்ணில்

"இவையெல்லாம் ஊர்க் கதைகள், இங்கே என்ன?" என்று ஒருவர் கேட்கலாம். இங்கேயும் உண்டு.

மலாய் இலக்கியத்தில் புதுவழி காட்டியவர் எனப் போற்றப்படும் முன்ஷி அப்துல்லாவின் முன்னோர் நாகூரிலிருந்து மலாக்காவுக்கு வந்தவர்கள். அவர் தம் வரலாற்றை எழுதி 1849இல் அச்சிட்டார். அதில் தம் பாட்டி ஓதும் பள்ளி நடத்தியதையும், ஆண் பிள்ளைகளும் பெண் பிள்ளைகளுமாக ஏராளமானோர் அவரிடம் ஓதியதையும் சொல்கிறார். கணக்கு வழக்குக்குப் பயன்படும் என்பதால் மலாக்காவில் வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகள் தமிழ் படிப்பது வழக்கமென்றும், தம்மையும் தமிழ் படிக்க அனுப்பினார்கள் என்றும் எழுதியிருக்கிறார். அவருடைய மகன் முகமது இப்ராகிம் முன்ஷி ஜொகூர் அரசாங்கத்தில் அலுவல் பார்த்தவர்.

பின்னர் செய்யிது ஷெய்கு அல்ஹாதி (1867–1934) வந்தார். 1906இல் சிங்கப்பூரில் தொடங்கிய "அல்இமாம்" பத்திரிகையில் எழுதினார். சில ஆண்டுகள் ஜொகூர் பாருவில் ஷரீஅத் வக்கீலாக இருந்தார். பினாங்குக்குப் போன பிறகு, 1925–26இல் படித்த பெண்ணொருத்தியைக் கதாநாயகியாக வைத்து "ஹிகாயத் ஃபரீதா ஹனோம்" என்னும் நாவலை வெளியிட்டார். எகிப்தில் நடக்கும் கதை அது. புத்தகம் நன்றாக விற்றது. அந்த வரும்படி கைகொடுக்க, 1927இல் ஜெலுத்தோங்கில் அச்சுக்கூடம் வைத்தார். படித்த பெண்ணின் கதையை விற்று வந்த பணம் அச்சு இயந்திரமாயிற்று; அந்த இயந்திரம் மேலும் பல புத்தகங்களைத் தந்தது. முதல் போட்டு முதல் எடுக்கும் நமக்கு இக்கணக்கு எளிதில் விளங்கும்.

நம் ஜொகூரின் பெருமை இதோ. மலாக்காவில் 1903இல் பிறந்து, ஜொகூரில் ஆசிரியையாகப் பணியாற்றியவர் ஸைனுன் சுலைமான். அவரை இந்நாடு "இபு ஸைன்" என்று, அதாவது ஸைன் அம்மா என்று, அழைத்தது. 1929இல் ஜொகூர் மலாய் ஆசிரியைகளுக்கு ஒரு சங்கம் கண்டார். 1930இல் அச்சங்கம் "புலான் மெலாயு" என்னும் பத்திரிகையை வெளியிட்டது. மலாயாவில் பெண்களே நடத்திய முதல் பத்திரிகை அதுதான். நம் அரபுத் தமிழைப் போலவே அரபு எழுத்தில் மலாயை எழுதும் ஜாவியில் அது வந்தது. பிள்ளை வளர்ப்பு, சுகாதாரம், பெண் கல்வி எல்லாம் அதில் எழுதப்பட்டன. பெற்றோரிடம் பேசி, பெண் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பச் செய்வதே அந்த அம்மையாருக்கு வாழ்நாள் வேலையாயிருந்தது. 1959இல் பொந்தியான் செலாத்தான் தொகுதியிலிருந்து நாடாளுமன்றத்துக்கும் போனார். 1989இல் காலமானார். அவருடைய மகள் அதீபா அமீன் மலாயிலும் ஆங்கிலத்திலும் பெயர் பெற்ற எழுத்தாளர். தாய் ஏற்றிய விளக்கு மகள் கையில் எரிந்தது.

நம் வீட்டுக் கணக்கு

இவ்வளவும் படித்தது, இனிச் சொல்வது பட்டது.

நம் ராத்தா நம்மைவிட ஏழு வயது மூத்தவர். மூன்றாம் வகுப்பில் பதினாறாம் வாய்ப்பாடு வரை தடுமாறாமல் சொல்லி வாத்தியாரிடம் பென்சில் பரிசு வாங்கியவர். அந்த வருஷமே பள்ளியை நிறுத்தினார்கள். உம்மாவுக்கு உடம்பு முடியவில்லை. கைக்குழந்தையைத் தூக்கி வைத்துக்கொள்ள ஆள் வேண்டும். அந்தக் கைக்குழந்தை நாம்தான். ராத்தாவின் இடுப்பில் இருந்தே வளர்ந்து, நாம் பள்ளிக்கூடம் போனோம். அவர் போகவில்லை.

ராத்தாவின் கணவர் ஊரில் ஒருவரோடு கூட்டாகக் கடை வைத்திருந்தார். திடீரென்று மௌத்தாகிவிட்டார். ராத்தா இத்தாவில் இருக்கையில் கூட்டாளி ஒரு முத்திரைத்தாளைக் கொடுத்தனுப்பினார். ராத்தா நமக்குத் தொலைபேசியில் சொன்னார். கடையில் கூட்டம் நின்ற நேரம். "தெரிந்த மனிதர்தானே ராத்தா, கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிடுங்கள்" என்றோம். போட்டுக் கொடுத்தார். கணவருடைய பங்கு முழுவதையும் கணக்குத் தீர்த்துப் பெற்றுக்கொண்டதாக அதில் எழுதியிருந்தது. அவர் ஒரு காசும் பெறவில்லை.

பிள்ளைகள் உள்ள மனைவிக்குக் கணவன் சொத்தில் எட்டில் ஒன்று என்று அல்லாஹ் வகுத்திருக்கிறான். பிள்ளைகளுக்கும் அவரவர் பங்கு உண்டு. எந்த ஆலிமும் இதை மறுக்க மாட்டார். மார்க்கம் கொடுத்த அந்தப் பங்கு ஒரு கையெழுத்தில் போயிற்று. நாம் பிற்பாடு ஊருக்குப் போய்க் கேட்டபோது ராத்தா அழவில்லை. "எழுத்தெல்லாம் தெரிந்தது தம்பி; சொல்தான் ஒன்றும் விளங்கவில்லை" என்றார்.

சித்தி ஜுனைதா பேகமும் மூன்றாம் வகுப்பு. நம் ராத்தாவும் மூன்றாம் வகுப்பு. அங்கே பள்ளி நின்ற பிறகும் வீட்டில் புத்தகம் இருந்தது. நம் வீட்டில் நாம் இருந்தோம், புத்தகம் இல்லை. கூட்டாளி செய்தது துரோகம்; அதற்கு அவர் அல்லாஹ்விடம் பதில் சொல்லட்டும். வாசிக்கத் தெரியாதவராக ராத்தாவை வைத்தது யார்? அவசரத்தில் கையெழுத்துப் போடச் சொன்னது யார்? அதற்கு நாம்தான் பதில் சொல்ல வேண்டும்.

இக்காரணத்தால் நம் மகளைப் படிக்க வைக்கிறோம். இன்று வருமான வரி இலாகாவின் கடிதம் மலாயில் வந்தால் அவள்தான் வாசித்துப் பொருள் சொல்கிறாள். கடைக் கணக்கில் ஒரு முறை மொத்தச் சரக்குக்காரர் இருமுறை எழுதிவிட்ட தொகையைக் கண்டுபிடித்தவளும் அவளே. இதனால் அவளுடைய தொழுகையோ அடக்கமோ குறைந்ததை நாம் காணவில்லை.

செய்ய வேண்டியவை

ஜமால் முகமது கல்லூரியைத் திருச்சியில் 1951இல் ஏற்படுத்தியவர்கள் வர்த்தகர்கள். சென்னையில் 1955இல் நீதிபதி பஷீர் அகமது சயீத் பெண்களுக்கென்றே கல்லூரி கண்டார். கீழக்கரையில் 1988இல் தாஸிம் பீவி அப்துல் காதர் மகளிர் கல்லூரி எழுந்ததும் நம் வர்த்தகச் செல்வர் கொடையால்தான். நம்மால் கல்லூரி கட்ட முடியாது. முடிந்தவை சில உள்ளன.

1. சங்கத்தின் உதவிப் பணத்தில் பெண் பிள்ளைகளுக்கும் ஒரு பங்கு ஒதுக்குவோம். மதிப்பெண்ணையும் குடும்ப நிலையையும் பார்த்துக் கொடுப்போம்.

2. சங்கக் கட்டடத்தில் ஓர் அலமாரி நல்ல தமிழ்ப் புத்தகங்களும் மலாய்ப் புத்தகங்களும் வாங்கி வைப்போம். வாரத்தில் ஒரு பொழுதைத் தாய்மார்களுக்கென்று விடுவோம். பள்ளி நின்றவர்களுக்கு அந்த அலமாரியே பள்ளி.

3. கூட்டு வியாபாரம் செய்பவர்கள் யாருக்கு எவ்வளவு பங்கு என்பதை இன்றே எழுதி, ஒரு நகலை வீட்டில் மனைவியிடம் கொடுப்போம். அதை அவர் தாமே வாசித்துப் புரிந்துகொண்டார் என்று கண்ட பிறகு பெட்டியில் வைப்போம்.

4. இத்தாவில் இருக்கும் பெண்ணிடம் எவர் தாளைக் கொண்டு வந்தாலும், படித்த ஒருவர் வாசித்துக் காட்டாமல் கையெழுத்து வாங்கக் கூடாது என்பதை நம் சங்க அங்கத்தினர்களுக்குள் ஒரு கட்டுப்பாடாக வைத்துக்கொள்வோம்.

"பெண்ணுக்குக் கொடுத்தால் யாருக்கு ஆகும்?" என்று கேட்ட மூத்த சகோதரருக்கு மரியாதையோடு நாம் சொல்லும் பதில் இதுதான். காக்கா, நீங்களும் நாமும் ஒருநாள் பெட்டியடியை விட்டு எழுந்து போய்விடுவோம். அன்று பேரேட்டைத் திறந்து, பிள்ளைகளுக்கு வர வேண்டியது எவ்வளவு என்று பார்க்கப் போகிறவள் நம் வீட்டுப் பெண்தான். அப்போது அவளுக்கு வாசிக்கத் தெரிந்திருக்க வேண்டும்.

அல்லாஹ் நம் வியாபாரத்திலும் நம் பிள்ளைகளின் கல்வியிலும் பரக்கத் செய்வானாக. ஆமீன். வஸ்ஸலாம்.